சிறைக்கதவும் சபையின் ஜெபமும்

ஆதி திருச்சபையின் சரித்திரத்தை வாசிப்போர்க்கு அதன்கண் அடிக்கடி எதிர்ப்படும் இடம் சிறைச்சாலையாம். அப்போஸ்தலர் பிடிபடுகின்றனர், சபையார் கூடி ஜெபிக்கின்றனர், சிலவேளை கதவு திறக்கின்றது, சிலவேளை திறவாமலே போகின்றது. திறந்த கதவுகளையே நாம் பெரிதும் நினைவிற் கொண்டிருக்கின்றோம். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகளிற் சிறுவர்க்குச் சொல்லப்படுவனவும், சுவர்ப்படங்களில் வரையப்படுவனவும் அவையே. திறவாத கதவுகளைப்பற்றி அந்நூல் யாது கூறுகின்றது என்று ஆராய்வார் சிலரே.

இதனை எழுத நாம் முற்பட்டதற்குக் காரணம் உண்டு. நம் மாணாக்கருட் பலர் திருப்பூர், அவிநாசி, பல்லடம், சோமனூர், காங்கயம் முதலிய ஊர்களினின்றும் வருவோர். தந்தை பனியன் கம்பெனியிற் கட்டிங் வேலை செய்வார். தாய் செக்கிங் வேலைக்குச் செல்வார். அன்றி, வீட்டோடு நாலு விசைத்தறி போட்டுக் கூலிக்கு ஓட்டும் குடும்பமாயிருக்கும். இவ்வூர்களில் ஓர் ஆர்டர் நின்றால் சனிக்கிழமைச் சம்பளம் நிற்கும். சம்பளம் நின்றால் வட்டி ஏறும். இத்தகைய இல்லங்களில் ஜெபம் என்பது சமயக் கடமை மாத்திரமன்று, அன்றாடத் தேவையுமாம். ‘நாங்களும் ஜெபித்தோம்; எங்களுக்கு மட்டும் ஏன் கதவு திறக்கவில்லை?’ என்று ஒரு மாணாக்கன் வினவுவானாயின், அவனுக்கு அவசரப்பட்டு விடைகூறுதல் தகாது. ஆதி சபையாருக்கும் அவ்வினா இருந்தது. அதனை அவர்கள் எழுதிவைத்த வகையைக் காண்போம். இவ்வரலாற்றை முதன்முறையாகக் கேட்போரும் நம்மிடையே உளராதலின் சற்று விரித்தே கூறுகின்றோம்.

அப்போஸ்தலர் நடபடிகள் பன்னிரண்டாம் அதிகாரத்து நிகழ்ச்சி ஏறக்குறைய கி.பி. 44-ம் ஆண்டைச் சார்ந்தது. அக்காலத்தில் யூதேயாவை ஆண்டவன் முதலாம் ஏரோது அகிரிப்பா. இவன் மகா ஏரோதின் பேரன், ரோமாபுரியில் வளர்ந்தவன், சக்கரவர்த்தி கிலவுதியுவின் தயவால் 41-ம் ஆண்டில் யூதேயாவையும் பெற்று, பாட்டன் ஆண்ட நாட்டை ஏறக்குறைய முழுதும் தன் கைக்குட்படுத்தியவன். குடிகளின் மனத்தைக் கவர வேண்டிய அவசியம் அவனுக்கு இருந்தது. அதற்கு எளிய வழியொன்றைக் கண்டான்: சிறிய சபையொன்றை ஒடுக்குதல். செபெதேயுவின் குமாரனும் யோவானின் சகோதரனுமாகிய யாக்கோபை வாளாற் கொல்வித்தான். அது ஜனங்களுக்குப் பிரியமாயிருக்கக் கண்டு, அடுத்துப் பேதுருவையும் பிடித்தான். அப்போது புளிப்பில்லாத அப்பப் பண்டிகை நடந்துகொண்டிருந்தமையால், பண்டிகை கழிந்தபின் வெளியே கொண்டுவரக் கருதி, நால்வர் நால்வராக நான்கு வகுப்புச் சேவகரிடம் அவனை ஒப்புவித்தான். பதினாறு பேர் ஓர் ஆளைக் காத்தனர். இரவில் இருவர் இருபுறமும் கிடக்க, இரண்டு சங்கிலிகளாற் பிணைப்புண்டு, பேதுரு அவர்களுக்கு நடுவே உறங்கினான். ஏனையோர் வாயிலைக் காத்தனர்.

சபையாரிடம் சேனை இல்லை. அரண்மனையிற் செல்வாக்கு இல்லை. கைக்கூலி கொடுக்கப் பொருளும் இல்லை. அவர்கள் ஜெபித்தார்கள். அதனைக் குறிக்க நூலாசிரியனாகிய லூக்கா வழங்கும் கிரேக்கச் சொல் ‘எக்தெனோஸ்’ என்பது. ‘நீட்டப்பட்ட’, ‘இழுத்துக் கட்டப்பட்ட’ என்பது அதன் வேர்ப்பொருள். நம் பக்கத்தார்க்கு இது விளங்குதல் எளிது. கைத்தறிக்காரர் பாவினை நீளமாகப் போட்டு, தொய்வின்றி விறைப்பாக இழுத்துக் கட்டுவதைச் சென்னிமலைப் பக்கத்தில் கண்டோர் பலர் உளர். அவ்வாறு இழுபட்டு நின்ற ஜெபம் அது. லூக்காவின் பெயரால் வழங்கும் சுவிசேஷத்தில் இச்சொல்லே பிறிதோரிடத்தும் வருகின்றது. கெத்செமனே தோட்டத்தில் இயேசு, அந்தப் பாத்திரம் தம்மை விட்டு நீங்கவேண்டும் என்று வேண்டியபோது அவருடைய ஜெபத்தைக் குறிக்க வந்த சொல்லும் இதுவே. (பழைய பிரதிகள் சிலவற்றில் அவ்வசனம் இல்லை என்பதையும் கூறிவிடுதல் நேர்மை.) அந்தப் பாத்திரம் நீங்கவில்லை. ஆகவே, ஜெபம் விறைப்பாயிருந்தமையாற் கதவு திறந்தது, தளர்ந்திருந்தமையால் திறக்கவில்லை என்று கணக்கெழுதுவார்க்கு இந்நூலில் ஆதாரம் அகப்படாது.

அவ்விரவில் நடந்தது யாவரும் அறிந்ததே. தூதன் பேதுருவை விலாவில் தட்டி எழுப்புகின்றான். சங்கிலிகள் கழன்று வீழ்கின்றன. அரையைக் கட்டிக்கொள், பாதரட்சையைத் தொடுத்துக்கொள், மேலங்கியைப் போர்த்துக்கொள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டியிருக்கின்றது. உறக்கம் தெளியாத பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாயின் நினைவு நமக்கு வருகின்றது. இருகாவல் கடந்தபின் நகரத்துக்குச் செல்லும் இரும்புக்கதவு தானாகவே திறக்கின்றது. பேசா கையெழுத்துப் பிரதியென்னும் பழம் பிரதியொன்று, அவர்கள் ஏழு படிகள் இறங்கினர் என்னும் சிறு செய்தியையும் கூட்டியுரைக்கின்றது. ஒரு தெருவளவு சென்றதும் தூதன் மறைகின்றான். அதன்பிறகே பேதுரு தான் காண்பது சொப்பனம் அன்றென்று தெளிகின்றான்.

இதற்கு மேல் நடப்பதே எமக்கு மிகவும் பிரியமான பகுதி. மாற்கு என்னும் மறுபெயருடைய யோவானின் தாய் மரியாளின் வீட்டிற் பலர் கூடி ஜெபித்துக்கொண்டிருக்கின்றனர். பேதுரு வாசற்கதவைத் தட்டுகின்றான். ரோதை என்னும் வேலைக்காரப் பெண் வருகின்றாள். ‘ரோசா’ என்பது அப்பெயரின் பொருள். குரலைக் கொண்டு இன்னாரென்று அறிந்து, மகிழ்ச்சி மிகுதியாற் கதவைத் திறவாமலே உள்ளே ஓடுகின்றாள். அரசனுடைய இரும்புக்கதவு தானே திறந்தது; சிநேகிதர் வீட்டு மரக்கதவோ பூட்டியபடியே நிற்கின்றது! உள்ளே இருந்தவர்கள், அவளுக்குப் பித்துப் பிடித்தது என்கின்றனர். அவள் சாதிக்கவே, அது அவனுடைய தூதனாயிருக்கலாம் என்கின்றனர். எதை வேண்டி இரவெல்லாம் விழித்திருந்தார்களோ, அது வாயிலில் நின்று தட்டும்போது அதனை நம்பாதவர் அவர்களே. வீட்டிற் கடைநிலையில் இருந்த பெண்ணொருத்தியே முதலில் நம்பினாள். அவள் சொல்லோ அம்பலம் ஏறவில்லை.

ஜெபிப்போர் ஐயமின்றி நம்பினாலன்றி விடை கிடையாது என்று சிலர் கூறக் கேட்டிருக்கின்றோம். விடை கிடையாதபோது, ‘உன் விசுவாசம் போதவில்லை’ என்று துன்புற்றவர்மேற் பழிசுமத்துவதும் உண்டு. மரியாளின் வீட்டார் அன்றிரவு அந்தப் பரீட்சையில் தேறியிருக்கமாட்டார்கள். ஆயினும் பேதுரு வாயிலில் நின்றான். லூக்கா விரும்பியிருந்தால் இந்நகைப்பிற்கிடமான செய்தியை விட்டிருக்கலாம். விடாது எழுதியது அவனுடைய உண்மைக்குச் சான்று என்பது எம் துணிபு.

இனி, அதிகாரத்தின் தொடக்கத்திலேயே கூறப்பட்டு, பலரும் விரைந்து கடந்துசெல்லும் செய்திக்குத் திரும்புவோம். யாக்கோபு கொலையுண்டான். இவனும் பேதுருவைப் போலவே முதன்மையானவன். மறுரூபமலையிலும் கெத்செமனேயிலும் உடனிருந்த மூவருள் ஒருவன். அவனுக்காகச் சபையார் ஜெபித்தனரா? நூலிற் கூறப்படவில்லை, ஜெபியாதிருந்திருப்பர் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. அவன் சாவு ஒரே வாக்கியத்தில் முடிகின்றது. பேதுருவின் மீட்போ பத்துக்கு மேற்பட்ட வசனங்களாக விரிகின்றது. ஒருவனுக்கு வாளும் மற்றவனுக்குத் தூதனும் வந்ததற்கு நூலாசிரியன் காரணம் கூறவில்லை; கூற முயலவுமில்லை. யாக்கோபு குறையுடையவன் என்று ஒரு சொல்லுமில்லை. இவ்விரு செய்திகளையும் ஒரே ஏட்டில் அருகருகே வைத்துவிட்டு அவன் மேலே செல்கின்றான். யாக்கோபை இழந்தபிறகும் அச்சபையார் பேதுருவுக்காகக் கூடினர் என்பதே நாம் அறியவேண்டுவது. ஒருமுறை கதவு திறவாமை அவர்கள் வாயை அடைக்கவில்லை.

இன்னும் ஒன்றுண்டு. பொழுது விடிந்ததும் ஏரோது பேதுருவைத் தேடிக் காணாமல், காவற்காரரை விசாரித்து, கொலைக்குக் கொண்டுபோகக் கட்டளையிட்டான். கைதி தப்பினாற் காவலன் அவனுக்குரிய தண்டனையை ஏற்கவேண்டும் என்பது ரோமர் வழக்கம். அச்சேவகர் செய்த குற்றம் யாது? ஒருவனுடைய மீட்பு வேறு சிலருக்குச் சாவாக முடிந்தது. இதனையும் லூக்கா மறைக்கவில்லை.

இது தொலைவிலுள்ள எருசலேமுக்கு மாத்திரம் உரிய சிக்கலன்று. நொய்யலாற்றங்கரையிலும் இத்தகையதொன்று நிகழ்ந்தது. பாசனத்திற்கென்று 1992-ம் ஆண்டில் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அது சாயக்கழிவு தேங்கும் குளமாயிற்று; கீழ்ப்புறத்துக் கிணறுகள் கெட்டன; வெள்ளாண்மை நலிந்தது. கழிவு நீரைச் சற்றும் வெளிவிடாது சுத்திகரிக்கவேண்டும் என்ற கட்டளை நிறைவேறாமையால், 2011-ம் ஆண்டு ஜனவரி மாதத்திற் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. பட்டறைகள் நூற்றுக்கணக்கில் மூடின. பல்லாயிரம் தொழிலாளர் வேலையின்றி நின்றனர். கதவு மூடியதை விடுதலையென்று கொண்டாடின வீடுகள் ஆற்றின் கீழ்ப்புறத்தில் இருந்திருக்கும். அதே கதவு திறக்கவேண்டும் என்று முழந்தாளிட்ட வீடுகள் பட்டறைத் தெருக்களில் இருந்திருக்கும். இவ்விரண்டும் ஒரே நாளில், ஒரே கடவுளிடத்துச் சென்றிருக்கக்கூடிய விண்ணப்பங்கள். இவற்றுள் ஒன்றை மாத்திரம் எடுத்துக்கொண்டு ‘ஜெபம் கேட்கப்பட்டது’ என்று சாட்சி கூறுவோர், மற்ற வீட்டாரையும் நினைத்துக்கொண்டு கூறுவாராக.

ஏரோதின் முடிவைப்பற்றி லூக்காவும் யூத சரித்திராசிரியன் யோசேப்பும் தனித்தனியே எழுதியிருக்கின்றனர். செசரியாவில், முழுதும் வெள்ளியால் இயற்றப்பட்ட ஆடையைத் தரித்து, காலை வெயிலில் அது பளபளக்க அரங்கில் அவன் நின்றான் என்றும், மக்கள் அவனைத் தெய்வமென்று புகழ அதனை ஏற்றான் என்றும், வயிற்றுவலியால் ஐந்தாம் நாள் இறந்தான் என்றும் யோசேப்பு கூறுவன். துணித்தொழில் அறிந்த நம் வாசகர், வெள்ளியாலாகிய ஆடை என்ன கனம் இருந்திருக்கும் என்று எண்ணிப்பார்க்கலாம்.

ஆதி சபையார் எதனை வேண்டினர் என்பதும் நோக்கற்பாலது. அந்நூலின் நான்காம் அதிகாரத்தில், பேதுருவும் யோவானும் அதிகாரிகளால் அச்சுறுத்தப்பட்டுத் திரும்பியபோது, சபையார் ஒருமனப்பட்டு ஜெபித்தனர். பகைவர் அழியவேண்டுமென்றோ, துன்பம் நீங்கவேண்டுமென்றோ அவர்கள் கேட்கவில்லை. அஞ்சாது பேசும் தைரியத்தையும், நோயாளர் குணமடைதலையுமே கேட்டனர். ஐந்தாம் அதிகாரத்திலோ, தூதனாற் சிறையினின்று வெளிவந்த அப்போஸ்தலர் மறுநாளே மீண்டும் பிடிபட்டு அடியுண்டனர். விடுதலை ஓர் இரவு மாத்திரமே நின்றது.

பிலிப்பி பட்டணத்து நிகழ்ச்சி வேறுவகையானது. பவுலும் சீலாவும் அடியுண்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டு, உட்காவலில் அடைபட்டிருந்தனர். நடுராத்திரியில் ஜெபித்துப் பாடுகையில் பூமி அதிர்ந்து, கதவுகள் திறந்து, எல்லாருடைய கட்டுகளும் கழன்றன. ஆயினும் அவர்கள் ஓடவில்லை. சிறைக்காவலன் கைதிகள் தப்பினர் என்றெண்ணித் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ள வாளை உருவினபோது, பவுல் உரக்கக் கூவித் தடுத்தான். எருசலேமிற் காவலர் மாண்டனர். இங்கே காவலன் பிழைத்தான். திறந்த கதவின் வழியே செல்லாது நின்றதும் ஒருவகை மீட்பாயிற்று, வேறொருவனுக்கு. விடிந்தபின் விடுதலை பெற்ற இருவரும் சென்றது லீதியாள் வீட்டிற்கு. இவள் தியத்தீரா ஊராள். இரத்தாம்பரச் சாயத்துணி விற்பவள். சாயத்தொழிலாளர் சங்கம் அவ்வூரில் இருந்தமையை ஆங்குக் கிடைத்த கல்வெட்டுகள் காட்டுகின்றன. ஐரோப்பாவில் நாம் பெயரறிந்த முதற் சபை கூடிய வீடு சாயத்துணி வியாபாரியின் வீடு என்பதைத் திருப்பூரார் மறவாதிருக்கலாம்.

பிற்காலத்தில், ஜெபத்தின் விடையைத் தம் பக்கத்திற்குச் சான்றாகக் காட்டும் வழக்கம் வளர்ந்தது. கி.பி. 172-ஐ ஒட்டி, சக்கரவர்த்தி மார்க்கு அவுரேலியுவின் சேனை தன்யூபு நதிக்கு அப்பால் நீரின்றித் தவித்தபோது திடீரென்று மழை பொழிந்தது. கிறிஸ்தவப் போர்வீரர் ஜெபத்தால் வந்ததென்று தெர்த்துல்லியன் எழுதினான். எகிப்திய மந்திரவாதியொருவனால் வந்ததென்று தியோ காசியு எழுதினான். ரோமாபுரியிலுள்ள சக்கரவர்த்தியின் தூணிலோ, சிறகுடைய மழைத்தேவனொருவன் செதுக்கப்பட்டிருக்கின்றான். அந்நிகழ்ச்சியினாலேயே ஒரு படைக்கு ‘இடிமுழக்கப் படை’ என்று பெயர் வந்ததென்றும் கிறிஸ்தவர் சிலர் கூறினர். அப்பெயர் அகுஸ்து காலமுதலே வழங்கியதாதலின் அக்கூற்று நில்லாது. மழை பெய்தது உண்மை. அதனை மூவர் தம்முடையதென்றதும் உண்மை. லூக்காவின் எழுத்திலுள்ள அடக்கம் இங்கே இல்லை.

நம் தமிழ்நாட்டிலும், புராட்டஸ்டண்டு சபையின் ஆதிநாட்களில் ஒரு சிறைக்கதவு உண்டு. தேனிஷ் அரசன் நான்காம் பிரெடரிக்கினால் அனுப்பப்பட்ட சீகன்பால்கும் புளுட்சோவும் 1706-ம் ஆண்டு ஜூலை மாதம் 9-ந் தேதி தரங்கம்பாடிக்கு வந்தனர். மறு ஆண்டிலேயே சிலர் ஞானஸ்நானம் பெற்றனர்; ஆகஸ்டு மாதத்தில் ‘புதிய எருசலேம்’ என்னும் சிற்றாலயம் பிரதிஷ்டையாயிற்று. அரசன் அனுப்பிய போதகராயினும், தன்ஸ்பர்க் கோட்டையின் கொமாண்டராகிய ஹாசியஸ் இவர்களை விரும்பவில்லை.

பகை முற்றியது ஒரு கடன் விவகாரத்தினால். அம்பட்டர் குலத்துத் தமிழர் ஒருவர் இறந்தார். அவருக்கும் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளனாயிருந்த ஒருவனுக்கும் இடையே இருந்த கடனைப்பற்றி அவருடைய விதவை நியாயம் வேண்டிநின்றாள். சீகன்பால்கு அவளுக்காகப் பலமுறை பரிந்துபேசினார். தேனிஷ் ஆலயத்தில் கொமாண்டரின்முன் முழங்காலிட்டு முறையிடுமாறும் அவளுக்கு யோசனை கூறினார். ஹாசியஸ் சினந்து அவரை வரச்சொன்னான். அவரோ, அழைப்பு எழுத்து மூலமாக வேண்டும் என்றார். 1708-ம் ஆண்டு நவம்பர் மாதம் 19-ந் தேதி அவர் பிடிபட்டார்; வினாக்களுக்கு விடையளிக்க மறுத்தமையாற் கோட்டையினுள் அடைக்கப்பட்டார். அவருக்கு அப்போது வயது இருபத்தாறு. வட்டிக்கும் தவணைக்கும் இடையே வாழும் நம் ஊர்க் குடும்பங்கள், இச்சிறைவாசம் ஒரு விதவையின் கடன் வழக்கினால் நேர்ந்தது என்பதைக் கேட்டால் வியவாதிரார்.

கிரேக்கத்தினின்று புதிய ஏற்பாட்டைத் தமிழிற் பெயர்க்கும் வேலையை அவர் தொடங்கியது அவ்வாண்டு அக்டோபர் மாதம் 17-ந் தேதியில். தொடங்கி ஐந்து வாரம் நிறையுமுன் சிறை. வேலை நின்றது. வெளியே இருந்த சிறுசபையோ, அண்மைக்காலத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்களைக் கொண்டது. அவர்கள் என்ன ஜெபித்தனர் என்று எழுதிவைக்க அவர்களிடையே ஒரு லூக்கா இல்லை. நான்கு திங்களுக்குச் சற்று மிகுதியான காலம் கழிந்தது. 1709-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 26-ந் தேதி அவர் வெளிவந்தார். இரும்புக்கதவு தானாகத் திறக்கவில்லை. அடைத்த அதிகாரமே திறந்துவிட்டது. காவலர் எவரும் கொலையுண்டிலர். கொமாண்டரும் புழுவெடுத்துச் சாகவில்லை. ஹாசியஸ் தன் பதவியிலேயே இருந்தான். அவனோடு உண்டான பிணக்கும் தீரவில்லை. 1714-ம் ஆண்டில் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குச் சென்றதற்கு அப்பிணக்கும் ஒரு காரணமாம்.

இதனை ஜெபத்தின் விடை என்பதா, அரசியற் செய்தி என்பதா? பேதுருவின் கதையில் அற்புதமாக வந்தது இங்கே வழக்கமான வழியில் வந்தது என்று மாத்திரம் நாம் கூறுவோம். வழக்கமான வழியில் வந்தமையால் அது விடையன்று என்று தள்ளவும் ஆதி சபையாரின் நூல் நமக்கு இடந்தரவில்லை. பவுல் எருசலேமிற் பிடிபட்டபோது அவன் உயிரைக் காத்தது தூதனன்று. சதியைக் கேட்டறிந்து ஓடிவந்து சொன்ன சகோதரியின் மகனும், இரவோடிரவாகக் குதிரைவீரரைக் கூட்டி அனுப்பிய ரோம சேனாபதியுமே.

வெளிவந்த சீகன்பால்கு விட்ட இடத்தினின்று மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து, 1711-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 31-ந் தேதி முடித்தார். அச்சியந்திரம் இங்கிலாந்திலிருந்து வந்தது. அதனை ஏற்றிய கப்பல் வழியிற் பிரெஞ்சுக்காரர் கையில் அகப்பட்டு மீட்கப்பட்டது. உடன் வந்த அச்சாளர் தரங்கம்பாடியைக் காணாது வழியிலேயே இறந்தார். இங்கும் யாக்கோபும் பேதுருவும்போல ஒன்று வந்துசேர்ந்தது, ஒன்று சேரவில்லை. ஜெர்மனியிலுள்ள ஹாலேயினின்று தமிழெழுத்துக்கள் வந்தன. 1719-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் சீகன்பால்கு தம் முப்பத்தாறாம் வயதில் மரித்தபோது, பழைய ஏற்பாட்டில் ரூத் வரையே பெயர்க்கப்பட்டிருந்தது.

புதிய ஏற்பாடு முழுவதும் 1715-ம் ஆண்டில் அச்சாகி முடிந்தது. முதலில், 1714-ம் ஆண்டில், வெளிவந்தவை நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளுமாம். சிறையிருந்தவர் கையால் தமிழான அந்நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தில், யாக்கோபு வாளால் மடிந்த செய்தி ஒரே வாக்கியத்திலும், பேதுரு விடுதலையான செய்தி பல வாக்கியங்களிலும், லூக்கா வைத்த முறையிலேயே அருகருகே அச்சேறின.